சுண்ணாம்புக்கல் குவாரியின் படிகங்கள்

சுண்ணாம்புக்கல் என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு மங்கலான கல். லாரி லாரியாக சிமெண்ட் ஆலைக்குப் போகும் கல். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம்.

ஆனால், புதிதாகப் பிளந்த கல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். எங்கோ ஒரு மூலையில் சிறு பொந்து ஒன்று தென்படும். அதன் உட்சுவர் முழுவதும் கற்கண்டு கட்டியதுபோலப் படிகங்கள் மின்னும். மற்றொரு கல்லில், கரும்பழுப்புப் பரப்பின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அதுவும் படிகமே. கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான கல்லுக்குள் இந்தப் படிகங்கள் எப்படி வந்தன? எல்லாம் ஒரே பொருள்தானா? இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது எப்படி? இக்கேள்விகளுக்கு விடை காண விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஓர் இரும்பு ஆணி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, கூர்ந்து நோக்கும் கண்கள் இருந்தால் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

கடல் இருந்த இடம்

முதலில் கல்லைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் சுண்ணாம்புக்கல் குவாரிகள் பல உள்ளன. திருச்சிராப்பள்ளி மாவட்டம் டால்மியாபுரத்தில் 1939-ஆம் ஆண்டிலேயே சிமெண்ட் ஆலை தோன்றியது. அதற்குக் காரணம் அங்குள்ள சுண்ணாம்புக்கல். அது பவளங்களும் கடற்பாசிகளும் சேர்ந்து கட்டிய கல். வயது 10 கோடி ஆண்டுகளுக்கு மேல். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக் கல்லின் வயது சுமார் 7 கோடி ஆண்டுகள். கிரெட்டேஷியஸ் காலம் எனப்படும் அந்த யுகத்தில் கடல் இப்பகுதியின் மீது பலமுறை ஏறி வந்து பின்வாங்கியது.

இங்குள்ள பாறைகளை ஆராய்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு என்ற நிலவியலார் 1862-ஆம் ஆண்டில் வெளியான தம் அறிக்கையில் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். உலக நிலவியல் நூல்களில் இன்றும் இவ்வூர்ப் பெயர்களைக் காணலாம்.

கடலில் வாழ்ந்த சிப்பிகள், பவளங்கள், நத்தைகள் ஆகியவை நீரில் கரைந்திருந்த கால்சியத்தை எடுத்துத் தம் ஓடுகளைக் கட்டின. அவை இறந்தபின் ஓடுகள் அடித்தளத்தில் குவிந்து, நசுங்கி, இறுகிப் பாறையாயின. ஆகவே சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு கால்சியம் அணு, ஒரு கார்பன் அணு, மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தது இதன் அடிப்படைக் கூறு.

மழைநீர் செய்யும் வேலை

கடல் பின்வாங்கியதும் கதை முடிந்துவிடவில்லை. கல்லின் மீது மழை பெய்தது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை மழைநீர் உறிஞ்சிக்கொள்ளும். அப்போது அது மிக மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. இந்த நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கும்போது கால்சியம் கார்பனேட்டைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொண்டு செல்கிறது. பொந்துகள் உண்டாவது இப்படித்தான்.

பிறகு, வாயு வெளியேற இடமுள்ள ஒரு பொந்தை அந்நீர் அடைகிறது. கரியமில வாயு பிரிந்து போய்விட, கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் நீரில் நிற்க முடியாமல் சுவரில் படிகிறது. இதை நீங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறீர்கள். கிணற்றுத் தண்ணீரை நாள்தோறும் காய்ச்சும் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம் கட்டுகிறது அல்லவா? குவாரியின் பொந்தில் நடந்ததும் அதே வினைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாத்திரத்தில் அது அவசரமாக நடக்கிறது. எனவே மாவுபோலப் படிகிறது. பாறைக்குள் அது மிக மெதுவாக நடக்கிறது. ஒவ்வோர் அணுவும் தனக்குரிய இடத்தில் சென்று அமர அவகாசம் கிடைக்கிறது. எனவே பெரிய படிகங்கள் வளர்கின்றன.

செய்து பாருங்கள்: 100 மில்லி லிட்டர் வெந்நீரில் 30 கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். தெளிந்த கரைசலை இரு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றைக் குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரத்தில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். மற்றதைத் துணியால் மூடி, அசைக்காமல் மூன்று நான்கு நாள் விட்டுவிடுங்கள். முதல் டம்ளரில் மணல் போன்ற துகள்கள் கிடைக்கும். இரண்டாவதில் பட்டை தீட்டினாற்போன்ற படிகங்கள் கிடைக்கும். இரண்டிலும் பொருள் ஒன்றுதான். வேகம் மட்டுமே வேறு. ஆகவே குவாரியில் பெரிய படிகம் ஒன்றைக் கண்டால், அங்கே நீர் நெடுங்காலம் அமைதியாக வந்து போயிற்று என்று நீங்கள் சொல்லலாம்.

ஒரே பொருள், இரண்டு படிகங்கள்

பொந்தில் மின்னும் அந்தப் படிகத்தின் பெயர் கால்சைட். இது பல வடிவங்களில் வளரும். கூர்மையாக நீண்டு வளர்ந்தால் நாயின் கோரைப்பல்லைப் போலிருக்கும். தட்டையாகவும், அறுகோணத் தூணாகவும்கூட வளரும்.

இதே கால்சியம் கார்பனேட்டுக்கு இன்னொரு படிகமும் உண்டு. அதன் பெயர் அரகோனைட். வேதியியல் ஆய்வில் இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். ஆனால் அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறு. கால்சைட்டில் ஒவ்வொரு கால்சியத்தையும் 6 ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்துள்ளன, அரகோனைட்டில் 9. கால்சைட்டின் ஒப்படர்த்தி 2.71, அரகோனைட்டின் ஒப்படர்த்தி 2.95. அதே செங்கற்களை வெவ்வேறு விதமாக அடுக்கி இரு சுவர்கள் கட்டுவதோடு இதை ஒப்பிடலாம்.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் கல்லங்குறிச்சிக் கல்லில் எந்த உயிரின் ஓடு எஞ்சியது, எது மறைந்தது என்பதைத் தீர்மானித்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கிரைஃபியா என்ற சிப்பி தன் ஓட்டைக் கால்சைட்டால் கட்டியது. சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் கால்சைட் நிலையானது. எனவே 7 கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சிப்பியின் ஓடு, அடுக்குகள் தெரிய, அப்படியே இருக்கிறது. சுருள் வடிவான அம்மோனைட் தன் ஓட்டை அரகோனைட்டால் கட்டியது. அரகோனைட் நிலைத்தன்மை குறைந்தது. நாளடைவில் கரைந்துபோகும் அல்லது கால்சைட்டாக மாறும். எனவே பல இடங்களில் அம்மோனைட்டின் ஓடு மறைந்து, அதன் உள்ளே நிரம்பிய சேறு இறுகிய அச்சு மட்டுமே கிடைக்கிறது.

கை தவறி விழுந்த படிகம்

கால்சைட்டை உடைத்தால் என்ன ஆகும்? கண்ணாடியைப் போலத் தாறுமாறாக உடையாது. சாய்சதுர முகங்கள் கொண்ட சிறு கட்டிகளாக உடையும். அக்கட்டியை மேலும் உடைத்தாலும் அதே வடிவந்தான். முகத்தின் கோணத்தை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 102 டிகிரி, அதை அடுத்து 78 டிகிரி. அரியலூர்க் கால்சைட்டானாலும் ஐஸ்லாந்துக் கால்சைட்டானாலும் இது மாறாது.

பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜஸ்ட் ஹாயூய் கையிலிருந்து ஒருநாள் அறுகோணக் கால்சைட் படிகம் ஒன்று தவறி விழுந்து உடைந்தது என்று சொல்வார்கள். உடைந்த துண்டுகள் அறுகோணமாக இல்லை. சாய்சதுரக் கட்டிகளாக இருந்தன. வெளி வடிவம் எதுவானாலும் உள்ளே ஒரே வகையான சிறு கட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். இக்கருத்தை விளக்கும் நூலை 1784-ஆம் ஆண்டில் வெளியிட்டார். படிகவியல் என்னும் துறைக்கு அது அடிக்கல்லாயிற்று. அணு அடுக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்பதை எக்ஸ் கதிர்களின் உதவியால் 1914-ஆம் ஆண்டு வாக்கில் டபிள்யூ. எல். பிராக் காட்டினார். அவர் முதன்முதலாக ஆராய்ந்த சில படிகங்களுள் கால்சைட்டும் ஒன்று.

தெளிந்த கால்சைட்டுக்கு மற்றொரு வியப்பான பண்பும் உண்டு. தாளில் ஒரு புள்ளி வைத்து, அதன் மீது தெளிவான கால்சைட் துண்டு ஒன்றை வையுங்கள். இரண்டு புள்ளிகள் தெரியும்! துண்டை மெல்லத் திருப்பினால் ஒரு புள்ளி அசையாமல் நிற்க, மற்றது அதைச் சுற்றி வரும். டென்மார்க் அறிஞர் எராஸ்மஸ் பார்த்தோலின் 1669-ஆம் ஆண்டில் இதை விவரித்தார். உள்ளே புகும் ஒளி இரண்டாகப் பிரிந்து, இரு வேறு வேகங்களில் செல்வதே இதற்குக் காரணம். ஒன்றின் ஒளிவிலகல் எண் 1.658; மற்றதன் எண் 1.486 வரை குறையும். இதற்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர்.

1808-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், எதிரே இருந்த அரண்மனையின் சன்னல் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிய அந்திச் சூரிய ஒளியை எத்தியேன் மாலுஸ் ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பும்போது இரு பிம்பங்களின் ஒளியும் மாறி மாறிக் கூடிக் குறைவதைக் கண்டார். எதிரொளித்த ஒளியும் முனைவாக்கம் அடைகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. 1828-ஆம் ஆண்டில் வில்லியம் நிக்கோல் கால்சைட்டை வெட்டி ஒட்டி ஒரு பட்டகம் செய்தார். பாறைகளை ஆராயும் நுண்ணோக்கிகளில் அது நெடுங்காலம் பயன்பட்டது. ஒரு குவாரிக் கல், பிற கற்களை ஆராயும் கருவியாயிற்று!

கால்சைட்டின் அக்கம்பக்கத்தார்

சுண்ணாம்புக்கல்லோடு களிமண் அடுக்குகளும் சேர்ந்தே கிடைப்பது வழக்கம். அவற்றில் வேறு கனிமங்களைக் காணலாம்.

பைரைட்: பித்தளை நிறத்தில் பளபளக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பலர் இதைத் தங்கமென்று எண்ணி ஏமாந்திருக்கிறார்கள். தட்டார் பொன்னை உரைகல்லில் உரைப்பதுபோல, மெருகிடாத ஓட்டின் பின்புறத்தில் இதைத் தேய்த்துப் பாருங்கள். தங்கமானால் பொன்னிறக் கோடு விழும். பைரைட்டானால் கருநிறக் கோடு விழும்.

ஜிப்சம்: கால்சியம் சல்பேட்டோடு நீர் மூலக்கூறுகளும் சேர்ந்த படிகம். பைரைட்டின் மீது காற்றும் நீரும் படும்போது கந்தக அமிலம் உண்டாகும். அது அருகிலுள்ள ஓடுகளின் சுண்ணாம்போடு வினைபுரிந்தால் ஜிப்சம் பிறக்கிறது. தெளிந்த ஜிப்சம் ஏடு ஏடாகப் பிரியும். வெடிப்பில் வளர்ந்தால் பட்டு நூல்போல நார் நாராக இருக்கும். பெரம்பலூரை அடுத்த காரைப் பகுதிக் களிமண் நிலத்தில் இது ஏராளம். 

செலஸ்டைட்: ஸ்ட்ரான்ஷியம் என்ற உலோகத்தின் சல்பேட். ஊட்டத்தூர்த் தொகுதியின் களிமண்ணில் இது கிடைக்கிறது. கையில் எடுத்தாலே கனம் தெரியும், ஒப்படர்த்தி 3.96. சுண்ணாம்புப் பாறைகளில் இது தோன்றும் ஒரு வழியைக் கேளுங்கள். அரகோனைட்டில் கால்சியத்துக்குரிய இடம் சற்று விசாலமானது. கடல்நீரிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் சிறிதளவு அங்கே புகுந்துகொள்ளும். ஓடு கால்சைட்டாக மாறும்போது அந்த இடம் குறுகிவிடுகிறது. ஸ்ட்ரான்ஷியம் வெளியேற்றப்படுகிறது. அது சல்பேட் உள்ள நீரைச் சந்தித்தால் செலஸ்டைட் படிகமாகிறது. தீபாவளி மத்தாப்பின் செந்நிற ஒளி ஸ்ட்ரான்ஷியம் உப்புகளால் வருவதே.

குவார்ட்ஸ்: வெங்கச்சங்கல் என்று நீங்கள் அறிந்த வெள்ளைக்கல் இதுதான். இது சிலிக்கன் ஆக்சைடு. தெளிந்த படிகமாக இருந்தால் கால்சைட் என்று ஏமாறக் கூடும்.

டோலமைட்: கால்சியத்தோடு மக்னீசியமும் கலந்த கார்பனேட். கண்ணுக்குக் கால்சைட்டைப் போலவே தோன்றும்.

கண்டறியும் முறை

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிறிதளவு இரும்பு கலந்தாலே கால்சைட் மஞ்சளாகவோ செந்நிறமாகவோ மாறிவிடும். கீழ்க்கண்ட சோதனைகளை வரிசையாகச் செய்யுங்கள்.

1. கீறல் சோதனை. ஜெர்மன் அறிஞர் ஃபிரெடரிக் மோஸ் 1812-ஆம் ஆண்டில் கடினத்தன்மைக்கு 1 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் ஜிப்சம் 2, கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. நம் நகம் ஏறக்குறைய 2.5. எனவே நகத்தால் கீறல் விழுந்தால் ஜிப்சம். நகத்தால் விழாமல் இரும்பு ஆணியால் விழுந்தால் கால்சைட்டாக இருக்கலாம். ஆணியாலும் விழாமல், பழைய கண்ணாடிப் புட்டியின் மீது அதுவே கீறல் போட்டால் குவார்ட்ஸ்.

2. அமிலச் சோதனை. கல்லைச் சிறிது பொடித்து எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். சிறு குமிழிகள் வந்தால் கார்பனேட். பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம். கால்சைட் உடனே நுரைத்துப் பொங்கும். டோலமைட் கட்டியாக இருக்கும்போது மிக மந்தமாகவே நுரைக்கும். பொடித்தபின் நன்கு நுரைக்கும். ஜிப்சமும் குவார்ட்சும் நுரைக்கவே நுரைக்கா. உங்கள் வகுப்புச் சாக்கட்டியிலும் இதைச் செய்யுங்கள். அது சுண்ணாம்பா ஜிப்சமா என்பது தெரிந்துவிடும்.

3. எடைச் சோதனை. கல்லை நூலில் கட்டி வில்தராசில் தொங்கவிட்டு எடையைக் குறியுங்கள். பிறகு நீரில் முழுவதும் மூழ்கச் செய்து மீண்டும் குறியுங்கள். காற்றில் 54 கிராம், நீரில் 34 கிராம் என்றால் இழந்த எடை 20 கிராம். 54-ஐ 20-ஆல் வகுத்தால் 2.7. இது கால்சைட்டுக்குரிய எண். ஆனால் குவார்ட்சுக்கும் 2.65 வரும். எனவே ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. முதல் சோதனையில் இவை இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 79 கிராம் கல் 20 கிராம் எடை இழந்தால் 3.95 வரும். அது செலஸ்டைட்டாக இருக்கலாம்.

இந்தப் பாகுபாடு வெறும் பொழுதுபோக்கன்று. சிமெண்ட் ஆலையின் வேதியியலார் குவாரிக் கல்லில் டோலமைட் எவ்வளவு என்று இடைவிடாது கவனிக்கிறார். காரணம் இதுதான். சூளையில் மிகுந்த வெப்பத்தில் வெந்த மக்னீசியம் ஆக்சைடு, நீரோடு மிக மெதுவாகவே வினைபுரியும். கட்டடம் எழுந்து நெடுநாள் கழித்து, இறுகிய சிமெண்டுக்குள் அது நீரேற்று விரிவடைந்தால் சுவர் வெடிக்கும். எனவேதான் இந்தியத் தர விதிகள் சாதாரண சிமெண்டில் அதன் அளவை 6 சதவீதத்துக்குள் நிறுத்தியுள்ளன. ஜிப்சமோ வேண்டிய பொருள். அரைக்கும்போது சிறிதளவு சேர்க்காவிட்டால் சிமெண்ட் கலந்த உடனே இறுகிவிடும். கொத்தனார் கரண்டியை எடுக்க நேரமிராது.

சூளைக்குப் போகும் முன்

குவாரியில் வெட்டிய கல் எங்கே போகிறது? நொறுக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சூளைக்குள் போகிறது. 100 கிலோ தூய கால்சைட்டைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். சிப்பிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஓட்டில் கட்டி வைத்த வாயு, சூளையில் விடுதலை பெறுகிறது. ஓடும் போயிற்று, பொந்தும் போயிற்று, பொந்தில் நீர் வளர்த்த படிகமும் போயிற்று.

சிமெண்ட் நமக்கு வேண்டும். ஆனால் ஒவ்வொரு வெடியின் போதும் குவாரிச் சுவரின் ஒரு பகுதி புதிதாகத் தெரிகிறது. அடுத்த வெடியில் அது மறைகிறது. இடையில் யாராவது பார்த்துக் குறித்து வைத்தால்தான் அதன் செய்தி நமக்குக் கிடைக்கும். அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம் இத்தகைய செய்திகளைக் காத்து வைத்திருக்கிறது. நீங்களும் உங்கள் பள்ளியில் ஒரு சிறு சேகரம் தொடங்கலாம். ஒவ்வொரு கல்லோடும் ஒரு சீட்டு வையுங்கள். எந்த ஊர், எந்த அடுக்கு, எந்த நாள், உடன் கிடைத்தவை எவை, கீறல், அமிலம், எடைச் சோதனைகளின் முடிவு என்ன என்பவற்றை அதில் எழுதுங்கள். சீட்டு இல்லாத கல் அழகுப் பொருள் மட்டுமே. சீட்டுள்ள கல் சான்று.

ஓர் எச்சரிக்கை. குவாரிக்குள் தனியாகவோ அனுமதியின்றியோ போகாதீர்கள். வெடி வைக்கும் இடம், சரியும் சுவர், ஆழம் தெரியாத நீர் ஆகிய மூன்றும் உயிருக்கு ஆபத்தானவை. ஆசிரியரோடு, உரியவர் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். சாலையோரம் குவித்த ஜல்லியிலும், ஓடைக்கரையிலும்கூட நல்ல மாதிரிகள் கிடைக்கும்.

சிந்தியுங்கள்

1. ஒரு வெள்ளைக்கல் நகத்தால் கீறப்படவில்லை, ஆணியால் கீறப்படுகிறது, கட்டியாக இருக்கும்போது நீர்த்த அமிலத்தில் மந்தமாகவும், பொடித்தபின் நன்றாகவும் நுரைக்கிறது. அது என்ன?

2. ஒரே பொந்தில், சுவரை ஒட்டி மாவுபோன்ற கால்சைட் படிவும், அதன் மேல் பெரிய கால்சைட் படிகங்களும் உள்ளன. நீரின் வேகம் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள்? எது முதலில் தோன்றியது?

3. சிப்பியின் ஓடு முழுமையாகவும், அருகிலேயே அம்மோனைட்டின் அச்சு மட்டும் ஓடின்றியும் கிடைத்தால், காரணம் யாது?

விடைகள் மேலே உள்ளவற்றிலேயே இருக்கின்றன. கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு தேடுங்கள்.